ஆற்றுப் பக்கத்துக் கொடிக்கயிறு

அம்மா,

நீலம் போட்டு அலசிய வெள்ளைத் துணி வெயிலில் காயும்போது ஒரு மணம் வரும். சவுக்காரமும் வெயிலும் கலந்த மணம். ஊரில் எல்லாருக்கும் அது நல்ல மணம்தான். போன வியாழக்கிழமை தபால் கந்தோரில் வேலை முடிந்து வந்து, வேலிக் கடப்படியைத் திறந்து வளவுக்குள் கால் வைத்ததும் அந்த மணம் வந்தது. கைப்பையை மண்ணில் போட்டுவிட்டு வீட்டின் பின்பக்கம் ஓடினேன். நாற்பத்தைந்து வயதில், இந்த முழங்கால் நோவை வைத்துக்கொண்டு நான் ஓடியதைப் பார்த்திருந்தால் நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

பின்பக்கம், ஆற்றைப் பார்த்திருக்கிற கொடிக்கயிற்றில், அபியின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தொங்கியது. நான் அதைப் பிடித்து இழுத்த இழுவையில் கிளிப் இரண்டும் தெறித்து எங்கோ போய் விழுந்தன. சத்தம் கேட்டு அபி உள்ளிருந்து ஓடி வந்தாள். முகமெல்லாம் பெருமை. "அம்மா, நானே தோய்ச்சன்! நீலமும் போட்டன்!" என்றாள். அந்தக் கன்னத்தில் அறைந்துவிட்டேன். பத்து வருடத்தில் அவளுக்கு நான் அடித்த முதல் அடி அது. அவள் அழவில்லை. "நான் என்ன பிழை செஞ்சன்?" என்று மட்டும் கேட்டாள்.

விறாந்தையில் கதிரையில் இருந்த அப்பா எழும்பி வந்தார். எண்பதைத் தாண்டிய மனிதர், சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து நின்றார். "புள்ளைக்கு அடிக்காத மனே. அந்தக் கொடியில வெள்ளையப் போடப்படாது எண்டு உன்ர அம்மாவுக்கே தெரியாமப் போச்சு. இதுக்கு என்ன தெரியும்?" என்றார்.

நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. அடுத்த கிழமை ஆட்டத்திவசம். அப்படியிருந்தும் அந்தப் பழி உங்கள் தலையில்தான் இருக்கிறது. நீங்களாக எடுத்து வைத்துக்கொண்டது அது. நான் இறக்கி வைக்காமல் விட்டது.

அந்த நாட்களில் எனக்கும் பத்து வயதுதான். புத்தகத்தில் வாவி என்று எழுதியிருக்கும். நமக்கு அது எப்போதும் ஆறுதான். வீட்டின் பின்னால் ஆறு, அதற்கு அப்பால் படுவான்கரை. பதினேழு வயது அண்ணாவை நீங்களும் அப்பாவும் அக்கரையில் யாரோ தெரிந்தவரின் வயல்வாடிக் குடிசைக்கு அனுப்பி வைத்திருந்தீர்கள். பெடியன்களைப் பிடித்துக்கொண்டுபோன காலம். பிடித்தவர்கள் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. இன்றைக்கு ஒருவர், நாளைக்கு இன்னொருவர். எனக்குத் தெரிந்ததெல்லாம், நாய் குரைத்தால் பெரியவர்கள் பேச்சை நிறுத்துவார்கள், வாகனம் ஒன்று ஒழுங்கையில் நின்றால் நீங்கள் என் தலையைக் கோதத் தொடங்குவீர்கள் என்பதுதான். இன்றைக்கும் யாராவது என் தலையைத் தடவினால் நான் ஒழுங்கையை எட்டிப் பார்ப்பேன்.

பெரியவர்கள் கூடி இருந்து குசுகுசுக்கும்போது நான் கிட்டப் போனால், "புள்ள, அங்கால போய் விளையாடு" என்பீர்கள். நான் அங்கால போவேன். கிடுகுவேலியோடு ஒட்டி நின்று கேட்பேன். பாதிதான் கேட்கும். கேட்காத மீதியை நானே செய்துகொள்வேன். அது கேட்டதைவிடப் பயங்கரமாக இருக்கும்.

அந்த அடையாளம் மட்டும் என் காதில் விழவே இல்லை. ஊர் அமைதியாக இருந்தால் அப்பாவின் வெள்ளை வேட்டியை ஆற்றுப் பக்கத்துக் கொடியில் போடுவது. அதைக் கண்டால் அண்ணா தோணியில் வந்து ஒரு வாய் வீட்டுச் சோறு தின்றுவிட்டுப் போகலாம். வெள்ளை இல்லையென்றால் வரக்கூடாது. மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடு. "சின்னதுக்குச் சொல்லாத, வாய் தவறிச் சொல்லிப்போடும்" என்று அப்பா சொன்னாராம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது, கொஞ்சம் கொஞ்சமாக, பிறத்தியார் வாயால்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா வட்டையில், வயல் வேலையில். நீங்கள் சங்கக்கடை வரிசையில். மறுநாள் பள்ளிக்கூடத்தில் சுத்தம் பார்ப்பார்கள். சட்டை வெள்ளையாக இருக்கிற பிள்ளையை முன்னுக்குக் கூப்பிட்டுக் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டியிருந்தது. வாளியில் தண்ணீர் அள்ளி, சட்டையைத் தோய்த்து, நீலம் போட்டு அலசினேன். முன்பக்கக் கொடியின் கம்பு முதல்நாள் மழையில் சாய்ந்து கிடந்தது. பின்பக்கக் கொடியில் நல்ல வெயில். எட்டாமல் உரலைப் புரட்டி வைத்து அதன்மேல் ஏறிப் போட்டேன். அம்மா வந்து பார்த்துச் சந்தோசப்படுவா என்று நினைத்துக்கொண்டு போட்டேன்.

அக்கரையில் இருந்து பார்க்கிறவனுக்கு வேட்டிக்கும் பத்து வயதுப் பிள்ளையின் சட்டைக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? வெள்ளை தெரிந்தது, வந்தான்.

நீங்கள் வந்தபோது கரையோரக் கண்ணாப் பற்றைகளின் பக்கம் துவக்குச் சத்தம் கேட்டு முடிந்திருந்தது. அண்ணாவைக் கொண்டுபோய்விட்டதாகவும், அவன் தோணி மட்டும் கட்டாமல் தண்ணீரில் தானாகச் சுற்றிக்கொண்டு நின்றதாகவும் சொன்னார்கள். நீங்கள் ஆற்றங்கரைக்கு ஓடினீர்கள், திரும்பி வந்தீர்கள், கொடியைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். காய்ந்துபோன சட்டையை எடுத்துத் திரும்பவும் வாளித் தண்ணீருக்குள் அமுக்கினீர்கள். சட்டை மேலே மேலே வந்தது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

அப்பா வந்து கேட்ட முதல் கேள்வி, "ஆரு வெள்ளையக் கட்டின?" என்பதுதான். நான் வாயைத் திறந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "நான்தான் போட்டன். அவங்க போயிட்டாங்க எண்டு நினைச்சன்."

அப்பா அடிக்கவில்லை, ஏசவில்லை. உங்களைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பினார். அந்த முகம் உங்கள் பக்கம் மறுபடி திரும்பவே இல்லை. நீங்கள் என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய், "நீ சின்னப்புள்ள. ஒண்டையும் நினைக்காத மனே. மறந்திரு" என்றீர்கள். நான் ஓம் என்றேன். நான் மறந்துவிட்டதாகவே நீங்கள் நம்பினீர்களோ, நம்பியதாகக் காட்டினீர்களோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பிறகு தொடங்கியது அந்த வேலை. "அம்மாட்டச் சொல்லு, நாளைக்கு வட்டைக்குப் போறன், காலமை வெள்ளெண சோறு வேணும் எண்டு." "அப்பாட்டச் சொல்லு, உப்பு முடிஞ்சு போச்சு எண்டு." நீங்கள் அடுப்படியில், அப்பா வாசற்படியில். நடுவில் ஐந்தடி தூரம். ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகக் கேட்கும். ஆனாலும் நான் எழும்பிப் போய்ச் சொன்னால்தான் அது சொன்னதாகும். முதலில் சொன்னதைச் சொன்னபடியே கொண்டுபோனேன். பிறகு திருத்தப் பழகினேன். "இதை மனிசன் திம்பானா எண்டு கேள்" என்று அப்பா சொன்னால், "கறிக்கு உப்புக் கொஞ்சம் காணாதாம்" என்று உங்களிடம் சொல்வேன். நீங்கள் பதில் சொல்லாமல் கிண்டிக்கொண்டே இருந்தால், "அம்மா சரி எண்டு சொன்னா" என்று அப்பாவிடம் சொல்வேன். இரண்டு பக்கமும் பொய். எல்லாம் கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டீர்கள். பத்து வயதில் எனக்குக் களைப்பு என்றால் என்னவென்று தெரிந்தது.

பெரியகல்லாற்றுச் சின்னம்மா ஒவ்வொரு விடுமுறைக்கும் வரச் சொல்லி ஆள் விடுவா. நான் போகவில்லை. அங்கே கடல் கிட்ட, பயம் என்று சாட்டுச் சொன்னேன். நான் போனால் உங்கள் இரண்டு பேருக்கும் யார் பேசுவது? காய்ச்சலில் படுத்த நாட்களில் வீட்டில் சட்டி பானைச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அதற்காகவே கெதியாய் எழும்பிவிடுவேன். நம் பக்கத்தில் கலியாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான் என்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்று எனக்குத்தான் தெரியும். வேறு ஊராக இருந்திருந்தால் நான் கலியாணமே கட்டியிருக்க மாட்டேன்.

நீங்கள் ஒரேயொரு முறை இதைப் பற்றிப் பகிடி விட்டீர்கள். எனக்குத் தபால் கந்தோரில் வேலை கிடைத்த அன்று. "அஞ்சு வருசப் பழக்கம் இருக்கோ எண்டு கேட்டாங்களோ? பத்து வருசம் வீட்டுக்குள்ளயே தபால் குடுத்தவள் எண்டு சொல்லியிருக்கலாமே" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். வெளியே அப்பாவும் சிரித்த சத்தம் கேட்டது. உடனே மூன்று பேரும் நிறுத்திக்கொண்டோம்.

அண்ணாவின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நீங்கள் ஏறி இறங்கிய முகாம்களுக்கும் கந்தோர்களுக்கும் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். எங்கே போனாலும் ஒரே கேள்வி. கடைசியாக எப்போது கண்டீர்கள், எப்படி நடந்தது? நீங்கள் ஒவ்வொரு தடவையும் சொன்னீர்கள்: "நான்தான் ஐயா வெள்ளையப் போட்டன், அதைக் கண்டுதான் புள்ள வந்தான்." அவர்கள் எழுதிக்கொண்டார்கள். எத்தனை படிவத்தில், எத்தனை பேரின் கையெழுத்தில் அந்தப் பொய் இருக்கும்! நான் பக்கத்தில், உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, அது உண்மையாகிக்கொண்டு வருவதைப் பார்த்தபடி நின்றேன். கேட்காத ஆளில்லை, ஊரும் கேட்டது. கிணற்றடியில் ஒருத்தி, "தன்ர கையாலேயே வெள்ளையக் கட்டிப் புள்ளையக் குடுத்தவள்" என்று உங்கள் காதுபடச் சொன்னாள். நீங்கள் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். அன்றைக்கு அவளுடைய குடத்தைக் கல்லால் அடித்து உடைத்தது நான்தான். அதையும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அப்பா ஒரு நாளும் தவறாமல் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு இருப்பார். "அம்மாட்டக் கேள் மனே, தண்ணி வேணுமா எண்டு" என்பார். நான் குனிந்து கேட்பேன். நீங்கள் தலையை ஆட்டுவீர்கள். "வேணாமாம் அப்பா." உங்கள் கை அவர் முழங்காலில் இருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அப்பாவின் பக்கம் திரும்பி வாயெடுத்தேன். நீங்கள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, என் கையை இறுக்கி, "ஒண்டையும் நினைக்காத" என்றீர்கள். அப்போதுதான், நான் மறக்கவில்லை என்பது உங்களுக்கு எப்போதுமே தெரிந்திருந்தது என்று பட்டது. முப்பத்தொன்றாம் நாளுக்கு உங்கள் நினைவாக அடித்த கல்வெட்டுப் புத்தகத்தில், கணவனோடு கருத்தொருமித்து வாழ்ந்த உத்தமி என்று பாட்டு எழுதியிருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

இனி அபியின் கதைக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியும், அவளுடைய வெள்ளைச் சட்டையை நான் ஒரு நாளும் வெயிலில் போட்டதில்லை. அறைக்குள் ஃபேனுக்குக் கீழே காய வைப்பேன். கேட்டால் காகம் எச்சமிடும் என்பேன். வகுப்பில் பிள்ளைகள் அவளுக்குப் பக்கத்தில் இருக்க மாட்டோம் என்றார்களாம். சட்டை ஈரமணம் மணக்கிறதாம். அவள் எனக்குச் சொல்லவில்லை. தானே தோய்த்து, நல்ல வெயில் எங்கே அடிக்கிறது என்று பார்த்து, அந்தக் கொடியில் போட்டிருக்கிறாள். இதெல்லாம் அடித்த பிறகு கேட்டறிந்தது. அண்ணா போய் இத்தனை வருடத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை அவள். துவக்குச் சத்தம் கேட்டதில்லை. என்றாலும் ஒழுங்கையில் வாகனம் நின்றால் டீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அதை யார் பழக்கியது? நான்தான், ஒரு வார்த்தையும் சொல்லாமலே.

அடிபட்ட பிறகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவளுடைய அப்பா கட்டாரில் இருந்து தொலைபேசி எடுத்தபோது அவரோடு கதைத்தாள், எனக்குப் போனைத் தரும்போது மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சனிக்கிழமை மத்தியானம் பாயில் இருந்து சாப்பிடும்போது என் அப்பாவின் பக்கம் திரும்பி, "பெத்தப்பா, அம்மாட்டச் சொல்லுங்க, எனக்கு மீன் வேணாம் எண்டு" என்றாள்.

அப்பா என்னிடம் திரும்பினார். "மகளுக்கு மீன் வேணாமாம்" என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா? அவருக்கு அது பழகிய விசயம். ஒரு வீட்டில் ஆட்கள் பேசுவதென்றால் அப்படித்தான் என்பதுபோல. நான் அகப்பையைச் சட்டிக்குள் போட்டேன். இந்த வீட்டில் இன்னொரு தபால்காரி வேண்டாம் அம்மா. அதைத் தாங்க எனக்குச் சீவனில்லை.

"அப்பா, அண்டைக்கு அந்தக் கொடியில கிடந்தது உங்கட வேட்டி இல்ல. என்ர பள்ளிக்கூடச் சட்டை. நான்தான் தோய்ச்சுப் போட்டன். அம்மா இல்ல" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "என்ன சொல்றாய்?"

"அம்மா சங்கக்கடையில நிண்டா. முன்பக்கக் கம்பு விழுந்து கிடந்தது. வெள்ளையப் போடப்படாது எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல அப்பா."

"அவள் தான்தான் எண்டு சொன்னாளே."

"ஓம்."

"என்னத்துக்கு?"

"எனக்காகத்தான்."

அவர் கையில் பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சின்னதுக்குச் சொல்லாத எண்டு நான்தானே சொன்னன்" என்றார், எனக்குச் சொல்வதுபோல இல்லை. கையைக் கழுவிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார்.

அபி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருந்தவள், என் முகத்தைப் பார்த்து நேரே கேட்டாள். "அம்மா, அப்ப உங்களுக்கு அடிச்சாங்களா?"

"இல்ல. ஒருத்தரும் அடிக்கல்ல."

"அப்ப என்னை ஏன் அடிச்சனீங்க?"

"பிழை, மகள். அம்மாவில பிழை" என்றேன். பிறகு அவளுக்கு அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். எப்படிச் சிரிப்பான், எனக்கு என்ன பட்டம் வைத்துக் கூப்பிடுவான், எப்படிப் போனான், எல்லாம். சின்னது என்று ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அழுதாள், கேள்வி கேட்டாள், கடைசியில் மீனை எடுத்துச் சாப்பிட்டாள். சட்டைகள் இப்போது ஆற்றுப் பக்கத்துக் கொடியில்தான் காய்கின்றன. அந்த மணம் வரும்போது இன்னும் அக்கரையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்பா இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. சொல்லாமலே விட்டிருக்கலாமோ, இந்த வயதில் இந்த மனிதருக்கு இதைக் கொடுத்திருக்கக் கூடாதோ என்று நான் கிடந்து தவித்தேன். திங்கட்கிழமை காலை குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக் கடப்படி வரைக்கும் போய்விட்டேன். "மனே" என்று கூப்பிட்டார். திரும்பி வந்தேன்.

"அம்மாட்டச் சொல்லு" என்றார்.

அதே குரல், அதே இழுவை. என் கால் தானாக நின்றது. பத்து வயதில் நிற்பதைப்போலவே, மிச்சத்தையும் கேட்டுக்கொண்டு போக நின்றேன். அவர் உங்கள் படத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அண்டைக்கு எனக்குத் தெரியா எண்டு சொல்லு."

"ஓம் அப்பா, சொல்றன்" என்றேன்.

அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்த முறை ஒரு சொல்லையும் நான் திருத்தவில்லை, அம்மா. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் சொன்னது அவ்வளவுதான்.

இன்றைக்கும் வேலை முடிந்து வந்து கடப்படியைத் திறந்தேன். அப்பா கதிரையில் இருந்து தலையை நிமிர்த்தி, பதில் கொண்டு வந்தாயா என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். அந்தக் காலத்தில் நீங்கள் பேசாமல் இருந்தால் நானே ஒரு பதிலைச் செய்து கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். "அம்மா சரி எண்டு சொன்னா" என்று சொன்னால் போதும், அவர் அதை வாங்கிக்கொள்வார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. உங்களுடைய பதிலைச் செய்கிற உரிமை எனக்கு இல்லை.

கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மடித்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் போய் நானும் சும்மா இருந்தேன்.